கறுப்பு மையில் வந்த மார்க் கார்டு

எங்கள் அய்யா மறைந்து ஓராண்டு ஆகிவிட்டது. அவர் நல்லவர், உழைப்பாளி என்று நான் எழுதினால், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களுக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது. ஓரிடத்தில் உட்காராதவர் என்பதும் உங்களுக்குத் தெரியும். சோற்றைக்கூட நின்றபடி சாப்பிட்டவர். அந்தப் பரபரப்பு எனக்கும் ஒட்டிக்கொண்டது. இதை எழுதும்போதே பலமுறை எழுந்து வாசலுக்குப் போய் வந்துவிட்டேன்.

உச்சிப்புளிக்கு உள்ளே தள்ளி, மழையை நம்பிப் பிழைக்கும் ஊரில் பிறந்தார் அய்யா. சிறு வயதில் தகப்பனாரை இழந்து ஏர் பிடித்தார். கண்மாய் நிறையாத வருஷங்களில் புதுமடத்துக்குப் போய்க் கருவாட்டு மூட்டை சுமந்து எங்களைக் காப்பாற்றினார். பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவர், அண்ணனையும் என்னையும் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்.

அண்ணன் எனக்கு முந்தியே அங்கே படித்தார். அவர் மார்க் கார்டில் கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் கீழே எப்போதும் சிவப்புக் கோடு இருக்கும். பார்க்க மங்கலமாக இருக்கிறதென்று அய்யா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைப்பார். அண்ணன் வாயே திறக்க மாட்டார்.

பிறகு என் முதல் கார்டு வந்தது. முழுக்கக் கறுப்பு. எங்கள் பக்கம் கல்யாணப் பத்திரிகை என்றால் சிவப்பு எழுத்து, நான்கு மூலையிலும் மஞ்சள். கறுப்பு எழுத்தில் வருவது கருமாதிப் பத்திரிகை. அதை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். அய்யாவின் முகம் செத்துப்போனது.

"என்ன தாயி, கருமாதிக் காயிதம் மாதிரி குடுத்துவிட்டிருக்காக?"

"செவப்புன்னா பெயில்யா. நான் எல்லாத்துலயும் பாஸு."

"அண்ணனை மட்டந்தட்டாத. இதுல நான் கைநாட்டு வைக்க மாட்டேன்."

கார்டை மாட்டுக் கொட்டகைக் கூரையில் செருகிவிட்டார். கைநாட்டு வைத்த கார்டைக் காட்டாமல் வகுப்புக்குள் விடமாட்டார்கள். நான் வீட்டிலேயே கிடந்தேன். பெண்பிள்ளைக்கு இத்தனை படிப்பு எதற்கு என்று கேட்கக் காத்திருந்தவர்களுக்கு வசதியாகப் போயிற்று. என் படிப்பு அத்தோடு முடிந்ததென்றே நினைத்தேன். கொட்டகைக்குப் போவேன், கூரையைப் பார்ப்பேன், திரும்பி வருவேன். எனக்கு எதிரே அய்யாவும் அதே வேலையாக நடந்துகொண்டிருப்பார்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "இங்கன குறுக்கயும் நெடுக்கயும் நடந்தா ஆச்சா? வாத்தியாரையே ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்களேன்."

விடிந்ததும் அய்யா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போனார். அங்கே நடந்ததை வாத்தியார் பின்னாளில் எனக்குச் சொன்னார். அய்யா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "எம் புள்ள என்ன குத்தம் பண்ணுச்சு? ஒரே ஒரு செவப்புக் கோடாச்சும் போட்டுக் குடுங்கய்யா" என்று கேட்டாராம். சிரிப்பை அடக்கிக்கொண்டு வாத்தியார் விளக்கியிருக்கிறார். அய்யாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்ப பெரியவன்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வந்துவிட்டார்.

வந்தவர் நேரே கொட்டகைக்குப் போனார். கார்டை எடுத்து உதறினார், வீட்டுக்குள் கொண்டுவந்தார். அம்மாவிடம் மஞ்சள் குழைக்கச் சொல்லி, கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுவதுபோல நான்கு மூலையிலும் தடவினார். பிறகு கைநாட்டு வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அண்ணன் வைக்கோல் படப்புக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். அவர் கார்டைச் சாமி படத்திலிருந்து எடுக்க அம்மா கையை நீட்டினார்.

"அது அங்கனயே இருக்கட்டும். எடுத்தா பய ஒடைஞ்சு போவான்" என்றார் அய்யா.

அண்ணனை அவர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அண்ணன் அதற்குப் பிறகும் சிவப்புதான் வாங்கினார். ஆனால் கார்டு வந்த அன்றே, "இது பெயில்யா" என்று தாமே சொல்லிக் கொடுத்தார். இன்று எங்கள் நிலத்தைப் பார்ப்பவரும் அவர்தான்.

நான் ஆசிரியையானேன். கடைசி நாட்களில் ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அய்யாவுக்குப் படுக்கவும் பொறுமையில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

"செவப்பு போடுறியாத்தா?"

"ஆமாய்யா."

"என்னன்னு வெவரம் சொல்லி அனுப்பு. வீட்டுல சந்தோசப்பட்டுக்கிட்டு இருப்பாக."

அய்யாவை வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்த்த பக்கத்து வீட்டாருக்கும், பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும், துக்கத்தில் அடுப்பு மூட்டாத எங்கள் வீட்டுக்குச் சோறு கொண்டுவந்த உறவுமுறையாருக்கும், அன்று பொறுமையாக விளக்கிய வாத்தியாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நினைவு மலர் என்றால் கறுப்பு எழுத்துதான் வழக்கம் என்றார் அச்சகத்துக்காரர். நான் சரியென்று தலையாட்டினேன். அண்ணன்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

"அய்யாவுக்குக் கறுப்பு ஆகாதுத்தா. நான் வாங்காத செவப்பா? அதுல கொஞ்சம் அவருக்குப் போடச் சொல்லு."

இந்த எழுத்து சிவப்பாக இருப்பது அதனால்தான். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். வாசித்த பிறகு இதை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.