அந்தத் தாளில் இருந்தது அரை மணி நேரம்

என்னோடு ஜெபத்தில் முழங்கால் போடுகிற உடன்பிறப்புகளே, கேளுங்கள். என் வீட்டார் என் கையிலிருந்து என் குழந்தையைப் பறித்துக்கொண்டார்கள். பறித்ததும் சரிதான். அங்கிருந்துதான் நான் தொடங்க வேண்டும்.

1979. கொச்சி மட்டாஞ்சேரியில் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த மாதம். என் கணவர் சுக்குக் கிடங்கில் மூட்டைகளுக்குக் குறி போடுகிறவர். நாகர்கோவிலிலிருந்து வாழ வந்த எனக்கு அந்த ஊரில் மாமியாரும் ஜெபவீடும்தான் உலகம். மகள் கிருபா பிறந்த ஏழாம் மாதம், துவைக்கிற கல்லருகே விழுந்தேன். விழித்தபோது நாக்கில் ரத்தம். கைக்குள் யாரோ திணித்த இரும்புச் சாவி. அதன்பின் மாதத்தில் இரண்டு முறை, மூன்று முறை. வலிப்பு என்று வீட்டில் ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. "அது" என்றார்கள். அது வந்ததா? அது போய்விட்டதா?

படகேறி எறணாகுளம் போனோம். டாக்டர் மாத்திரை கொடுத்தார். நான்கு மாதம் அது வரவில்லை. பிறகு, மூளையின் அலைகளைத் தாளில் வரைந்து காட்டும் பரிசோதனைக்கு அனுப்பினார். கம்பிகளை ஒட்ட வந்த மலையாளி நர்ஸ் தங்கம்மா சிஸ்டர் என் உச்சந்தலையைத் தொட்டதும் எண்ணெய்ப் பிசுக்கில் கையை எடுத்துவிட்டார்.

"எண்ண வைக்காம வரணும்னு சொன்னதல்லே? தலையில எண்ண மில்லு நடத்துறியா மோளே?"

"ஜெபம் பண்ணின எண்ணெய், சிஸ்டர். மாமி வச்சு விட்டாங்க."

"கர்த்தாவு ஜெபத்தக் கேட்டிருப்பாரு. இந்தக் கம்பி கேக்கணுமே! போயி சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா."

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. ஒரே ஒரு வரி. நார்மல். டாக்டர் அன்று விடுப்பில் இருந்தார். அவரைப் பார்க்க நாங்கள் காத்திருக்கவில்லை.

எங்கள் ஜெபவீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஜெபம் கேட்கப்பட்டவர் அதற்கான அடையாளத்தைக் கையில் ஏந்திச் சபைக்கு முன்னால் நிற்க வேண்டும். வேலை கிடைத்தவர் உத்தரவுக் கடிதத்தோடு நிற்பார். பிள்ளை பெற்றவள் பிள்ளையோடு நிற்பாள். நான் அந்தத் தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். அல்லேலூயா ஓட்டுக்கூரையில் மோதித் திரும்பியது. அன்று மாலையே படகுத்துறைக்குப் போய் மாத்திரைகளைக் காயலில் கொட்டினேன். யாரும் கொட்டச் சொல்லவில்லை. விசுவாசம் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

ஆறாம் நாள் கிருபாவை இடுப்பில் வைத்துப் படியிறங்கினேன். அதற்குமேல் எனக்கு நினைவில்லை. கண் திறந்தபோது குழந்தையின் புருவத்திலிருந்து ரத்தம் வடிந்துகொண்டிருந்தது.

"சொகமாயிட்டுன்னு சபையில நின்னவதான நீ?" என்றார் மாமி. "இனி பிள்ளையத் தொடப்பிடாது."

கணவர் குடையை எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போனார். கிருபா என்னைப் பார்த்துக் கை நீட்டுவாள். மாமி முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வார். ஒரே வீடு. பத்தடி தூரம்.

சுகம் தாரும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அடுக்களைச் சுவரைப் பார்த்துக்கொண்டு இதை மட்டும் கேட்டேன்: "ஆண்டவரே, நீர் பொய் சொல்ல மாட்டீர். இந்தத் தாளும் பொய் சொல்லவில்லை என்றால் நடந்தது என்ன? இதை எனக்கு வாசித்துச் சொல்ல ஒருவரைத் தாரும்."

மறுபடி மாத்திரை கேட்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். காவலுக்கு மாமியும் வந்தார். வராந்தாவில் தங்கம்மா சிஸ்டர் எங்களைக் கண்டார்.

"எண்ண மில்லுக்காரி! எந்தா, முகம் இப்படி வாடிக் கெடக்கு?"

நான் உடைந்துபோய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அலமாரியிலிருந்து, அலைகள் வரைந்த என் தாள்கட்டை எடுத்து மேசைமேல் மடிப்பு மடிப்பாக விரித்தார்.

"இது என்ன தெரியுமா? நீ இங்க படுத்துக் கெடந்த அரை மணி நேரம். அவ்வளவுதான். உன் ஆயுசு இல்ல மோளே. அந்த அரை மணி நேரம் அது வெளிய வரல. அதனால அது இல்லேன்னு ஆகுமா? அதை அடக்கி வச்சிருந்தது மாத்திரையாக்கும். அதையல்லே நீ கொண்டுபோயி மீனுக்குப் போட்டது!"

டாக்டர் திட்டினார். உடனே மாத்திரையைத் தொடங்கச் சொன்னார். பிறகு ஒரு நாள், இரவு முழுக்க உறங்காமல் வரச் சொல்லி மறுபடி பரிசோதித்தார். இம்முறை தாளில் ஓரிடத்தில் விரல் வைத்தார். அமைதியான கோடுகளுக்கு நடுவே, வலையில் விழுந்த மீன் துள்ளுவதுபோல் கூரான முனைகள். வீட்டில் ஒருவரும் பெயர் சொல்லாத ஒன்றை அவர் விரலால் தொட்டுக் காட்டினார். எனக்கு அழுகை வரவில்லை. ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"பிள்ளைய நான் எடுக்கலாமா?"

தங்கம்மா சிஸ்டர்தான் பதில் சொன்னார். "தரையில பாய் போட்டு உக்காந்து எடுத்துக்கோ. இடுப்புல வச்சுப் படியிறங்காத. குளிப்பாட்டும்போது மாமி பக்கத்துல நிக்கட்டும். மாத்திரைய ஒரு நாளும் விடாத."

மாமி மெல்லக் கேட்டார்: "அப்ப ஜெபம்?"

"ஜெபத்த ஆரு நிறுத்தச் சொன்னது அம்மச்சி? ஜெபிச்சிட்டு விழுங்கட்டும்."

அடுத்த ஞாயிறு, கோளாறு காட்டிய அந்தத் தாளோடு சபைக்கு முன்னால் நின்றேன். முன்பு தவறாகச் சாட்சி சொன்னேன், மாத்திரையைக் கொட்டினேன், என் பிள்ளை காயப்பட்டாள், நான் கேட்ட ஜெபத்துக்குப் பதில் இதுதான் என்றேன். அல்லேலூயா எழவில்லை. போதகர் கேட்டார்: "மாத்திரை எத்தன மணிக்கு சகோதரி?"

"ராத்திரி எட்டு மணிக்கு, ஐயா."

"அந்த நேரம் நாங்களும் ஜெபிப்போம்."

வீட்டுக்கு வந்ததும் மாமி பாயை விரித்தார். என்னை உட்காரச் சொன்னார். கிருபாவை என் மடியில் வைத்துவிட்டுத் தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

ஒன்பது வருடமாகிறது. இடையில் இரண்டு முறை வந்தது. மாத்திரை நிற்கவில்லை. என் ஸ்தோத்திரமும் நிற்கவில்லை. கிருபா இப்போது ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தாள் இருக்கலாம். நல்ல வரியைக் கண்டு துள்ள வேண்டாம், கெட்ட வரியைக் கண்டு மடிய வேண்டாம். நோயின் பெயரைச் சொல்லியே ஜெபியுங்கள். புரியும்வரை கேட்டுக் கேட்டு வாசித்துக்கொள்ளுங்கள். வாசித்துச் சொல்ல ஆள் தருகிற தேவன் அவர். இன்று எட்டு மணிக்கு, விழுங்குவதற்கு முன், பெயர் தெரியாத உங்களையும் சேர்த்து அவரிடம் சொல்வேன்.