ஒன்றும் சொல்லாத முகம்

டிஷ்யூ பெட்டியை மேசையின் நடுவிலிருந்து ஒரு விரற்கடை இடப்புறம் நகர்த்துகிறார். தண்ணீர்க் குவளையை அதன் அருகில் வைக்கிறார். வருபவர் உட்காரும் நாற்காலியைச் சற்றே பக்கவாட்டில் திருப்புகிறார். பிறகு வாசலுக்குச் சென்று, உள்ளே நுழைபவரின் கண்ணால் அறையை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்புகிறார். நேற்று நல்ல செய்தி சொன்ன அறையும் இன்று கெட்ட செய்தி சொல்லப்போகும் அறையும் நூலிழை பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அவருடைய விதி.

"பெட்டி கைக்குப் பக்கத்துல இருந்தா, அழ வைக்கப் போறாங்கன்னு நினைச்சுக்குவாங்க. தள்ளி இருந்தா, தப்பிச்சோம்னு நினைச்சுக்குவாங்க. நான் வாயத் திறக்கறதுக்குள்ள பெட்டி பேசிடக் கூடாது," என்கிறார்.

பெரிய மருத்துவமனையொன்றின் மூன்றாம் மாடியில், சன்னலில்லாத நடைவழியின் கோடியில் அவருடைய அறை. கதவில் 'மரபணு ஆலோசகர்' என்று எழுதியிருக்கிறது. அவர் மருந்து தருவதில்லை, கத்தி எடுப்பதில்லை. குடும்பத்தில் வழிவழியாகப் புற்றுநோய் வந்தவர்களிடம் கதை கேட்பார். இரத்தத்தைச் சோதனைக்கு அனுப்புவார். சில வாரங்கள் கழித்து முடிவைச் சொல்வார். கவுன்சிலர் என்று கேள்விப்பட்ட வாயிற்காவலர் ஒருமுறை, "எங்க தெருக் குழாய்ல தண்ணி வரலீங்க, கொஞ்சம் பாருங்களேன்," என்றாராம். "குழாய்க்கு வார்டு கவுன்சிலரப் பாருங்க. ரத்தத்துக்கு என்னைப் பாருங்க," என்று இவர் பதில் சொன்னார். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. அது வேடிக்கைப் பேச்சா என்று காவலர் இன்றுவரை ஒரு முடிவுக்கு வரவில்லை.

வருகிறவர் பேசப்பேச, ஒரு வெள்ளைத் தாளில் குடும்பத்தை வரைவது அவர் தொழிலின் முதற்படி. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். இறந்தவர்மேல் ஒரு சாய்கோடு. புற்றுநோய் வந்தவருக்கு உள்ளே முழுக் கறுப்பு. நோய் வராமல், அதற்கான மரபணு மாற்றம் மட்டும் இருப்பவருக்கு வட்டத்தின் நடுவில் ஒரு புள்ளி. "சித்தி எந்த வயசுல போனாங்க?" என்று தாழ்ந்த குரலில் கேட்பார். "அது வயித்துவலிங்க," என்பார்கள். "கண்ணு பட்டுடுச்சு," என்பார்கள். அவர் மறுக்காமல் எழுதிக்கொள்வார். படம் முடியும்போது அந்தக் கறுப்பு, மாடிப்படி இறங்குகிறவரைப்போல, தலைமுறைக்கு ஒரு படியாக இறங்கி வந்திருக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவரின் வெள்ளை வட்டத்துக்கு மேல்படியில் நின்றிருக்கும்.

உடன் பணிபுரிவோர் அவருக்கு வைத்திருக்கும் பெயர் மெழுகு. இருபது ஆண்டுகளாக அவர் பழக்கியிருப்பது தம் முகத்தை. புன்னகை இல்லை, புன்னகை இல்லையே என்று எண்ணும்படியும் இல்லை. "குழம்புல உப்பு கூடிச்சா குறைஞ்சுதான்னு அந்த மூஞ்சியப் பாத்து ஒரு நாளும் கண்டுபிடிச்சதில்ல," என்கிறார் கணவர். அவர் வீட்டில் சீட்டாட்டம் எப்போதோ நின்றுபோயிற்று. எதிராளியாக உட்கார யாரும் துணிவதில்லை. இதைவிட விந்தையான ஒன்று உண்டு. அவர் எதிரே உட்கார்ந்து வாழ்வின் மிகப் பெரிய செய்தியைக் கேட்டவர்களுக்குக் குவளையின் நிறம் நினைவிருக்கிறது. சுவர்க்கடிகாரம் காட்டிய மணி நினைவிருக்கிறது. அவர் முகம் மட்டும் நினைவுக்கு வருவதில்லை. அண்டைத் தெருக் கடையில் பக்கத்தில் நின்றாலும் அடையாளம் தெரியாமல் கடந்துபோகிறார்கள்.

அந்த இரட்டையர் வந்தது மழைக்காலத்தில். முப்பத்து நான்கு வயது. ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்தவர்கள். அம்மா நாற்பத்து மூன்றில் மார்பகப் புற்றுநோயால் போனவர்; சித்தி முப்பத்தொன்பதில். உயிரோடிருக்கும் பெரியம்மாவின் இரத்தத்தில் மரபணு மாற்றம் உறுதியாகியிருந்தது. பதினொரு நிமிடம் முந்திப் பிறந்தவள் சோதித்துக்கொள்ள விரும்பினாள். "என்னால இப்படியே இருக்க முடியல மேடம். தூக்கமே போச்சு," என்றாள். இளையவள் ஆறு மாதக் கர்ப்பிணி.

"அவ பாத்துக்கட்டும். எனக்கு இப்ப வேணாம்," என்றாள் இளையவள். "பிள்ளைக்குப் பால் குடுக்கறப்ப, இதுல என்ன இருக்குன்னு என் மனசுல ஓடக் கூடாது. பால்குடி மறக்கட்டும். அப்புறம் நானே வந்து கேக்கறேன்."

ஆலோசகர் தாளில் ஒரே புள்ளியிலிருந்து இரண்டு கோடுகளை இறக்கி, முனைகளில் இரண்டு வட்டங்களை வரைந்தார். பிறகு அந்தக் கோடுகளைக் குறுக்கே ஒரு சிறு கோட்டால் இணைத்தார். "இப்படிப் பிறந்தவங்களுக்கு ரிசல்ட் ரெண்டு கிடையாதும்மா. அக்காவுக்கு என்னவோ அதுதான் உங்களுக்கும்."

"அப்ப நல்ல சேதியா இருந்தா மட்டும் சொல்லிடுங்க. கெட்டதா இருந்தா சொல்லாதீங்க."

இந்த வேண்டுகோளை அவர் நூறு பேரிடம் கேட்டிருக்கிறார். நூறு பேருக்கும் சொன்னதையே சொன்னார்: "அப்படி ஒத்துக்கிட்டா, நான் சும்மா இருந்தாலே சொன்ன மாதிரிதானேம்மா. நல்லதா இருந்தாலும் சொல்ல மாட்டோம்னாதான் இது நிக்கும்."

"அதான் வெளிய நர்சுங்க இவங்களுக்கு மெழுகுன்னு பேர் வெச்சுப் பேசிக்கிட்டாங்க," என்று இளையவள் அக்காவின் காதில் சொன்னாள். இருவரும் ஒரே சிரிப்பாகச் சிரித்தார்கள். முடிவு நாளில் மூத்தவள் மட்டும் வருவது என்று ஏற்பாடாயிற்று.

அந்த நாளில் இருவரும் வந்தார்கள். "தனியா விட மனசு கேக்கல. நான் வெளியதான் இருப்பேன். ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்," என்று வயிற்றைத் தாங்கிக்கொண்டு இளையவள் நடைவழி நாற்காலியில் உட்கார்ந்தாள். கதவு மூடியது.

"ரிசல்ட் வந்திருக்கு. இப்பவே சொல்லட்டுமா, இல்ல முதல்ல ஏதாவது கேக்கணுமா?" எல்லாரிடமும் அவர் சொல்லும் முதல் வாக்கியம் இதுதான்.

"சொல்லுங்க."

"உங்க பெரியம்மாகிட்ட இருக்கற அதே மாற்றம் உங்ககிட்டயும் இருக்கும்மா."

மூத்தவள் அழவில்லை. நோய் வந்துவிட்டதாகப் பொருளில்லை என்பதையும், கண்காணிப்பு உண்டு, அறுவை வழிகளும் உண்டு என்பதையும் ஆலோசகர் நிதானமாகச் சொன்னார். அவள் கண்கள் கதவிலேயே இருந்தன.

"அழுதா கண்ணு சிவந்துடும். வெளிய உட்கார்ந்திருக்கா. பத்து நிமிஷத்துல அவ முன்னாடி நான் போய் நிக்கணும்." பிறகு மெல்லக் கேட்டாள்: "நீங்க எப்படி மேடம் வெச்சுக்கறீங்க, முகத்த? எனக்குச் சொல்லிக் குடுங்க."

இப்படி யாரும் கேட்டதில்லை. ஆலோசகர் தம் நாற்காலியை அவளுக்கு நேரெதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பல்லக் கடிக்காதீங்க, தாடையில தெரியும். நாக்க மேலண்ணத்துல ஒட்டிக்குங்க. மூச்ச மூக்கால விடுங்க. அவங்க கண்ணப் பாக்காதீங்க, புருவத்துக்கு நடுவுல பாருங்க. என்னைப் பாத்துச் செய்யுங்க."

முதல் முறை உதடு நடுங்கியது. இரண்டாம் முறை இமை. மூன்றாம் முறை ஏதும் நடுங்கவில்லை. நெற்றி தளர்ந்தது, கன்னங்கள் இறங்கி ஓய்ந்தன. தம் முகம் இன்னொருத்தியின் எலும்புகள்மேல் வந்து படிவதை ஆலோசகர் எதிரே உட்கார்ந்து பார்த்தார். இருபது ஆண்டுகளில் அவர் அதை வெளியிலிருந்து கண்டது அதுவே முதல் தடவை. நன்றாகத்தான் இருந்தது, ஒரு குறையும் சொல்ல முடியாது. அவர் கை தன்னையறியாமல் நாற்காலியின் பிடியைப் பற்றியிருந்தது.

"சரியா இருக்கா மேடம்?"

"இருக்கு."

அந்த நடைவழியின் விளக்குகள் ஆள் அசைந்தால் எரிபவை, அசைவில்லையேல் அணைபவை. கதவைத் திறந்தபோது வெளியே இருட்டாக இருந்தது. இளையவள் அவ்வளவு நேரமும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். எழுந்தாள், அவள் தலைக்கு மேலிருந்த விளக்கு விட்டுவிட்டு எரிந்து நிலைத்தது. எதிரெதிரே ஒரே முகம் இரண்டு நின்றது. ஒன்றில் பயம், ஆவல், காத்திருந்த களைப்பு எல்லாம் இருந்தன. மற்றதில் ஒன்றுமே இல்லை.

இளையவள் அதை நெடுநேரம் பார்த்தாள். பிறந்த நாள் தொட்டு அந்த முகத்தில் அவளால் படிக்க முடியாதது எதுவும் இருந்ததில்லை. முடிவு நாளன்று அக்கா சிரித்தால் நல்லது, அழுதால் கெட்டது என்றுதான் அவள் அஞ்சி வந்திருப்பாள். இப்படி ஒன்றை எதிர்பார்த்திருக்கமாட்டாள். அந்த வெற்று முகமே விடையைச் சொல்லிவிட்டது என்பது கதவருகில் நின்ற ஆலோசகருக்கு அந்தக் கணத்தில்தான் புரிந்தது. நல்ல செய்தியை மறைக்க யாரும் இவ்வளவு பாடுபட்டுக் கற்றுக்கொண்டு வருவதில்லை.

"போலாமாடி?" என்றாள் மூத்தவள். குரலும் சரியாகவே இருந்தது.

"ம்." இளையவள் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாள், அதைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. அக்காவின் தோளுக்கு மேலாக ஆலோசகரை நோக்கினாள். ஒரு கை வயிற்றிலிருந்து மேலேறி, மார்புக்குச் சற்றுக் கீழே நின்றிருந்தது. "சாப்பிட்டீங்களா மேடம்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, விடைக்காக அவர் வாயைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தாள்.

ஆலோசகர் சட்டென்று குனிந்தார். மாட்டுவதற்கு வாரே இல்லாத தம் செருப்பின் ஓரத்தை விரல்களால் தடவித் தடவிச் சரிசெய்யத் தொடங்கினார். நான்கு பாதங்களும் அங்கேயே நின்றன. அவை நகரும்வரை அவர் நிமிரவில்லை.