என் டிராக்டரில் ஏகாம்பரம் ஏறிய நாள்

ஏகாம்பரத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். இன்றைக்கும் எரிகிறது. டிராக்டர் ஓட்டப் புதிதாக வருகிறவர்களுக்கு அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1. சாமிக்கு முதுகு காட்டாதவள்

உத்திரமேரூரில் டிராக்டர் வாடகைக்கு விடும் முதலாளியிடம் நானும் அவனும் டிரைவர்கள். திருப்புலிவனம் பக்கம் யார் உழவுக்குக் கூப்பிட்டாலும் "ஏகாம்பரத்த அனுப்பு" என்பார்கள். ஏரிக்கரை மேட்டில் அவன் முன்பக்கமாகவே சர்ரென்று ஏற்றுவான். நான் பின்னால் மாட்டிய, மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரைத் தூக்கிக்கொண்டு ரிவர்ஸில் ஏற்றுவேன். பின்னால் கனத்தை மாட்டிக்கொண்டு செங்குத்து மேட்டில் முன்பக்கமாக ஏறினால் முன்வீல் தூக்கும். வண்டி மல்லாந்து டிரைவர் மேலேயே விழும்.

இதைச் சொன்னால் அவனுக்குச் சிரிப்பு. "இன்னா ஜெயந்தி, சாமிக்கு முதுகு காட்டாம வர்றாப்ல பின்னாலயே போய்க்கினு கீற?" என்பான். டீக்கடையே சிரிக்கும். மறுநாள் உழவும் அவனுக்குத்தான் போகும். எரியுமா, எரியாதா?

எங்கள் இரண்டு வண்டியுமே ரோல் பாரோடு வந்தவை. சீட்டுக்குப் பின்னால் வளைவாக நிற்கும் இரும்பு அது. கூடவே சீட் பெல்ட்டும் உண்டு. "ஷெட்டுல இடிக்குது, பேஜாரா கீது" என்று அவன் தன் பாரைக் கழற்றிப் போட்டுவிட்டான். நான் கழற்றவில்லை. பார் இல்லாத வண்டியில் பெல்ட் போடக்கூடாது, பார் உள்ள வண்டியில் போடாமல் ஓட்டக்கூடாது. கவிழ்ந்தால் பார்தான் இடம் விடும், பெல்ட்தான் ஆளை அந்த இடத்திலேயே பிடித்து வைக்கும்.

2. ஒட்டியாணம்

ஒருநாள் அவன் வண்டிக்குக் கிளட்ச் பிளேட் போய்விட்டது. முதலாளி என்னிடம் வந்தார்.

"ஒரு நாளிக்கு உன் வண்டிய ஏகாம்பரத்துக்குக் குடும்மா. திருப்புலிவனம் கழனிக்காரரு அவன்தான் வேணுன்றாரு."

தினமும் துடைத்துப் பொட்டு வைக்கிற என் வண்டி. எனக்கு வாய் கசந்துவிட்டது. முடியாது என்று சொல்லவும் வழியில்லை. டீக்கடை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டேன்.

"பெல்ட்டு போட்டாத்தான் சாவி."

அவன் உயிர்மேல் அக்கறை ஒன்றும் இல்லை. என்னைப்போல அவனும் ஒருநாள் நாலு பேர் முன்னால் பெல்ட்டோடு உட்கார்ந்து சிரிப்பு வாங்கட்டும் என்ற வயிற்றெரிச்சல்தான்.

"சரி தாயே!" என்று பெல்ட்டை மாட்டினான். "ஒட்டியாணம் போட்டுக்கினேன், அழகா கீறனா?" கூட்டம் சிரித்தது. அவனைப் பார்த்து அல்ல, அவனோடு சேர்ந்து. அதிலும் நான்தான் தோற்றேன்.

வெயில் ஏறுவதற்குள் போன் வந்தது. முதலாளி பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். வழக்கம்போல அவன் முன்பக்கமாக ஏற்றியதில், ஏரிக்கரையின் அடியில் என் வண்டி நாலு சக்கரமும் வானத்தைப் பார்க்கக் கிடந்தது. பார் சேற்றில் குத்தி நின்றதில் சீட்டுக்கும் தரைக்கும் நடுவே ஓர் ஆள் கொள்ளும் இடம் இருந்தது. அந்த இடத்தில் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தவனை அப்போதுதான் அறுத்து இழுத்துப் போட்டிருந்தார்கள்.

"ஜெயந்தி, உன் வண்டி போச்சி. நான் கீறேன்" என்றான். அவனுக்குத் தோள்பட்டைப் பக்கத்துக் காறையெலும்பு மட்டும்தான் முறிந்திருந்தது.

3. மைக் யார் கையில்

அதற்குப் பிறகு நடந்த விவசாயிகள் கூட்டத்தில் மைக்கை யாரிடம் கொடுத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? வருஷக்கணக்காக இதையே கத்திய என்னிடமா? கைக்கட்டோடு மேடையேறினான் ஏகாம்பரம்.

"பாரக் கயட்டாதீங்க. கரைல பின்னால ஏத்துங்க. என்னிய இந்த ஜெயந்தி பொறாமைலதான் பெல்ட்டு போடச் சொல்ச்சி. அன்னிக்கி அதுக்குப் பொறாம இல்லன்னா என் வூட்ல இன்னிக்கி படத்துக்கு மாலதான்."

ஒரே கைதட்டல். அவனுக்குத்தான். கழற்றிப் போட்ட பார்களையெல்லாம் தூசு தட்டி ஆளாளுக்கு மாட்ட ஆரம்பித்தார்கள். நான் சொன்னபோது கொட்டாவி விட்டவர்கள்தான் எல்லாரும்.

இந்த வேலையில் நான் கற்றது இதுதான்: விழாதவள் சொன்னால் பயம் என்பார்கள், விழுந்து பிழைத்தவன் சொன்னால் அனுபவம் என்பார்கள். அதனால் உங்கள் ஊரிலும் கவிழ்ந்து பிழைத்தவன் இருந்தால் அவனையே பேசவிடுங்கள்.

இப்போது ஏரிக்கரையில் எல்லா வண்டியும் ரிவர்ஸில்தான் ஏறுகிறது. அதற்கு ஊரில் வைத்திருக்கிற பெயர் 'ஏகாம்பரம் ஏத்தம்'.

ஏறுங்கள். எந்தப் பெயரில் வேண்டுமானாலும் ஏறுங்கள். வயிறு எரிந்தால் நான் மோர் குடித்துக்கொள்கிறேன்.