கதவு தேய்த்த தூசியும் கடையில் சொன்ன பொய்யும்

இன்று காலை பெயின்ட் கடை பாயிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். தாத்தா காலத்துக் கதவை நேற்று நானே உப்புத்தாளால் தேய்த்தேன், தூசி கோயில் கோபுர உயரத்துக்குப் பறந்தது என்று.

"தண்ணி தெளிச்சித் தேய்ச்சீங்களாண்ணே?"

"எதுக்கு பாய்? அந்தக் காலத்துப் பெயின்ட், அசல் சரக்கு!"

"அதான் வம்பே. அதுல ஈயம் இருக்கும். அந்தத் தூசி கொயந்தைங்க வாயில போனா மூளையையே கெடுக்கும். வூட்ல கொயந்த இருக்குதா?"

கடையில் நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். "இல்லை" என்று சொல்லிவிட்டேன்.

இருக்கிறாள். பத்து மாதப் பேத்தி. நேற்று முழுக்க அந்தத் தூசியில்தான் தவழ்ந்தாள், விரலைச் சூப்பிக்கொண்டு.

தெருமுனை வரைகூட வண்டியை ஓட்ட முடியவில்லை. திரும்பிப் போய் உண்மையைச் சொன்னேன்.

பாய் திட்டவில்லை. "மொதல்ல கொயந்தைய வெளிய கொண்டு போங்க. பெருக்காதீங்க, ஈரத் துணியால தொடைங்க. டாக்டர்கிட்ட ரத்தத்தப் பாக்கச் சொல்லுங்க."

வீட்டுக்கு விரைந்து மகளிடம் சொன்னேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

"நானும் வர்றேம்மா."

"நீ வூட்டத் தொடைப்பா."

மூன்று முறை துடைத்துவிட்டேன். ரத்தப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை.

திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம். பழைய கதவைத் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் மட்டும், கையை நிறுத்திவிட்டு வந்து திட்டுங்கள்.