பதினொரு மாலை

என் படத்துக்கு மாலை போட்டு, நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, கீழே ஊதுபத்தி கொளுத்தியிருந்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தவன் நான். இன்றைக்கு நினைத்தாலும் தூக்கிவாரிப் போடுகிறது.

அப்போது மதுரையில் என் பிழைப்பு, செத்தவர்களைப் படம் எழுதுவது. கீழமாசி வீதியில் ஒரு மாடி அறை. வீட்டில் பெரியவர் கண்ணை மூடியதும் பிள்ளைகள் ஒரு போட்டோவைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வருவார்கள். பதினாறாம் நாள் விசேஷத்துக்குள் எண்ணெய் வர்ணத்தில் பெரிய படம் வேண்டும். “கொஞ்சம் செவப்பாப் போடுங்க” என்பார் ஒருவர். “கழுத்துல ஒரு சங்கிலி இருக்கட்டும்” என்பார் இன்னொருவர். இருந்தபோது வாங்கித் தராத சங்கிலியை என் தூரிகையால் போட்டுப் பார்ப்பார்கள். பாதிப் போட்டோக்கள் உயிர் போன பிறகு நாற்காலியில் சாய்த்து எடுத்தவை, கண் மூடியிருக்கும். அந்தக் கண்ணை நான்தான் திறக்க வேண்டும். முகம், மீசை, துண்டு எல்லாம் முடிந்து கடைசியில்தான் கண். கருவிழியின் மேல் ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தால் போதும், மனிதர் பார்க்க ஆரம்பித்துவிடுவார். ஏழு வருஷமாக இதே வேலை. யோசிக்காமலே கை போகும்.

எனக்கு அலுத்துவிட்டது. உயிரோடு இருக்கிற ஒரு முகத்தை என்னால் எழுத முடியுமா, முடியாதா? இந்த ஒரு கேள்வி மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. முடியாதென்றால் நானும் கருமாதிச் சாமான்களில் ஒன்று, அவ்வளவுதான்.

அதனால் தினமும் விடிவதற்கு முன்பே எழுந்து ரயிலடிக்குப் போவேன். ஜட்கா வண்டிகள் வரிசையாக நிற்கும். நாடக நோட்டீஸ்களின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைவேன். முதல் ரயில் வந்து ஆட்கள் இறங்கும்வரை எனக்கு நேரம். ஒரு ஜட்காக்காரர் மட்டும் சிரித்துக்கொண்டே உட்காருவார். உட்காருவார் என்று சொல்லக்கூடாது. குதிரையைப் பார்ப்பார், ஸ்டேஷன் வாசலைப் பார்ப்பார், டீக்கடையில் யார் யாரென்று பார்ப்பார். “கொஞ்சம் இப்படிப் பாருங்கண்ணே” என்றால், “பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன் மாப்ள” என்று வேறெங்கோ பார்த்தபடி சொல்வார். கோபம் கோபமாக வரும். ஒரு மாதம் வரைந்தேன். அந்தப் பென்சில் படங்களை மாடிக்குக் கொண்டுவந்து, செத்தவர்களின் வேலை போக மிஞ்சிய நேரத்தில் வர்ணத்தில் எழுதினேன். இப்படியே கீரைக்காரி, சாணை பிடிப்பவர் என்று பத்துப் பேர் சேர்ந்தார்கள். பதினொன்றாவதாகக் கண்ணாடியைப் பார்த்து என்னையும் எழுதினேன்.

தைத் தெப்பத் திருவிழாவுக்கு ஊரே வண்டியூருக்குத் திரளும். தெப்பக்குளத்துக்குப் போகிற வழியில் ஓர் அரிசி மண்டிக்காரர் தன் மண்டியின் முன்கூடத்தை ஒரு நாளைக்குத் தந்தார். சுவரில் பதினொரு படத்தையும் மாட்டி ஊருக்குக் காட்டுவது என்று முடிவு செய்தேன். உயிருள்ள முகங்களின் படக்காட்சி! ஒரு வக்கீல் திறந்துவைக்க ஒப்புக்கொண்டார்.

வாசலையும் தூண்களையும் அலங்கரிக்கப் பூ வேண்டுமே என்று பூக்காரரிடம் போனேன். என் படம் எந்த வீட்டுக்குப் போனாலும் மாலை அவர் கடையிலிருந்துதான் போகும்.

“படம் மாட்டுறோம், பூ வேணும்” என்றதும், “எத்தனை படம்ணே?” என்றார்.

“பதினொண்ணு.”

அவர் கை நாரிலேயே நின்றுவிட்டது. “பதினொண்ணா! ஒரே நாள்லயா?”

“ஆமா, ஒரே நாள்லதான்.”

“அட கடவுளே” என்று உச்சுக்கொட்டினார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். “நீங்க கவலைப்படாம போங்க. நானே வந்து எல்லாம் பாத்துச் செஞ்சிர்றேன்” என்றார். எவ்வளவு அக்கறையான மனிதர் என்று நினைத்தபடி வந்தேன். என்னைப் போல ஒரு மடையன் மதுரையில் கிடையாது.

அன்று பிற்பகல் மண்டியைப் பூக்காரரிடம் விட்டுவிட்டு வக்கீலை அழைத்துவரப் போனேன். அவருடைய மோட்டாரில் திரும்பினால், மண்டி வாசலில் ஒரே கூட்டம். உள்ளே ஒரு பெண் தலைதலையாய் அடித்துக்கொண்டு அழும் சத்தம். சொல்ல வெட்கமாக இருக்கிறது. முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். நம் படத்தைப் பார்த்து ஒருத்தி இப்படி அழுகிறாளே என்று நெஞ்சு விம்மியது.

உள்ளே நுழைந்தேன். எதிர்ச் சுவரில் நான். சம்பங்கி மாலை, குங்குமப் பொட்டு, ஊதுபத்திப் புகை. எனக்கு இந்தப் பக்கம் கீரைக்காரி, அந்தப் பக்கம் சாணைக்காரர், எல்லாருக்கும் மாலை. பதினொரு மாலை! ஒரு கணம் நான் செத்துத்தான் போனேனோ என்று மார்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். வக்கீல் செருப்பைக் கழற்றினார், கைகூப்பினார், பிறகு துக்க வீட்டில் செய்வதுபோல யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். மோட்டார் கிளம்பும் சத்தம்தான் கேட்டது.

ஜட்காக்காரர் படத்தின் கீழே தரையில் விழுந்து கிடந்தவள் அவருடைய மனைவி. அலங்காநல்லூருக்குக் கல்யாண சவாரி போன புருஷன் இரண்டு நாளாகத் திரும்பவில்லையாம். தெப்பம் பார்க்க வந்தவள் கூட்டத்தோடு உள்ளே வந்திருக்கிறாள். தரையில் கையை அடித்து அழுததில் வளையல் முழுவதும் நொறுங்கிக் கிடந்தது. புருஷன் உயிரோடு இருக்கிறவளின் வளையல்! அந்தக் கண்ணாடித் துண்டுகளைப் பார்த்ததும் பூக்காரரைத் தேடி ஓடினேன்.

“என்னய்யா செஞ்ச?” என்று பூக்காரரைப் பிடித்து உலுக்கினேன்.

“நீங்க எழுதுனா செத்தவுகதானேண்ணே?”

“என் படம் இருக்கே! என்னைத் தெரியலையா?”

அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அது நீங்களா? உங்கப்பாருன்னுல்ல நெனச்சேன்” என்றார்.

நான் அவளிடம் விஷயத்தை எடுத்துச் சொல்லத் தொடங்குவதற்குள், ஜட்காக்காரரே சாட்டையும் கையுமாக உள்ளே ஓடிவந்தார். அலங்காநல்லூரிலிருந்து நேரே தெப்பத்துக்குச் சவாரி கொண்டுவந்தவர், தெருவில் பெண்டாட்டி குரலைக் கேட்டிருக்கிறார். அவரைக் கண்டதும் அவள் அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. முகத்தைத் தடவினாள், தோளைத் தடவினாள், அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் விடவேயில்லை. “நான் செத்தா இம்புட்டுப் பெரிய மாலை எவன் போடுவான்?” என்று அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. தன் படத்து மாலையைக் கழற்றிக்கொண்டு போய்க் குதிரையின் கழுத்தில் போட்டார். அப்படியே தெப்பக் கடைகளில் வளையல் வாங்கப் போனார்.

நான் அவள் காலில் விழாத குறை. “தாயி, பூக்காரர் தெரியாமப் போட்ட மாலை. இவரை என் முன்னாடி உயிரோட உக்கார வச்சுத்தான் நான் வரைஞ்சேன். மாலையைப் பாத்து ஏமாந்துட்டீங்க” என்றேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு படத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“மாலையப் பாத்து நான் அழுகலண்ணே. எவனோ மாத்திப் போட்டுட்டான்னுதான் கிட்டத்துல வந்தேன். கண்ணப் பாத்தேன். அவரு கண்ணு ஒரு நிமிசம் ஒரு எடத்துல நிக்காது. இதுல நின்னுபோச்சே.”

நானும் பார்த்தேன். கருவிழியின் மேல் ஓரத்தில் அதே வெள்ளைப் புள்ளி. கீரைக்காரிக்கும் அதே புள்ளி, சாணைக்காரருக்கும் அதே, எனக்கும் அதே. ஒரு மாதம் எனக்கு எரிச்சலூட்டிய அந்த அலைகிற கண்ணை, மாடிக்குக் கொண்டுபோய், பிணத்துக்குக் கோடித் துணி போர்த்துகிற மாதிரி நானே நிறுத்தியிருக்கிறேன். அழுகை வந்தது. வந்தவர்கள் எதிரிலேயே அழுதேன்.

பூக்காரர் பயந்துபோய் ஒவ்வொரு மாலையாகக் கழற்றிக்கொண்டு வந்தார். கடைசியில் என் படத்தின் முன்னால் நின்று திரும்பிப் பார்த்தார்.

“இதையும் கழட்டிரவாண்ணே?”

“அது இருக்கட்டும்” என்றேன்.