ஏரிக்கரையில் ஒரு புள்ளிக்கோடு

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு தை மாதம். யார் எந்த ஊரிலிருந்து எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்று நாடு முழுவதற்கும் வரைபடம் போட அரசாங்கம் கணக்கெடுத்தது. பள்ளி ஆசிரியனான எனக்கு எங்கள் ஊரையே ஒதுக்கினார்கள்.

வீடு வீடாகப் போய், வேலைக்கு எதில் போகிறீர்கள் என்று கேட்டேன். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்து, "பஸ்ல" என்றார்கள். எங்கள் ஊருக்குப் பஸ்ஸே கிடையாது. ஏரிக்கரை மேல் நடந்து சுங்குவார்சத்திரம் போய்த்தான் ஏற வேண்டும். ஆனால் அந்நாளில் சம்பந்தம் பேசும்போதுகூட, "பையன் பஸ்ல வேலைக்குப் போறான்" என்றுதான் முதலில் சொல்வார்கள். வயலுக்குப் போகிறவன் நடக்கலாம். கம்பெனிக்குப் போகிறவன் நடப்பதாகச் சொல்லலாமா?

சொன்னதைச் சொன்னபடி எழுதுவது விதி. எழுதி அனுப்பினேன். பங்குனியில் ஓர் அதிகாரி வரைபடத்தோடு வந்தார். எங்கள் ஊரிலிருந்து, கம்பெனிகள் இருக்கும் திருப்பெரும்புதூர் வரை தடித்த சிவப்புக் கோடு. பஸ் வசதி உள்ள ஊராம். அதனால் அரசாங்கம் புதிதாக விடும் காலைப் பஸ் எங்களுக்கு இல்லாமல் பக்கத்து ஊருக்குப் போகவிருந்தது.

வரைபடத்தைப் பார்க்கக் கூடியிருந்தவர்களில் என் எதிர் வீட்டுப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. கம்பெனியில் அவளுக்குத் தற்காலிக வேலை. இன்னொரு முறை காலை ஷிப்டுக்குத் தாமதமானால் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

"பஸ் கீது சார். நாங்கதான் அதுகிட்ட நடந்து போய்க்கினு கீறோம்."

"அப்புறம் ஏம்மா எல்லாரும் பஸ்னு சொன்னீங்க?" என்றார் அதிகாரி.

"ஏறுனப்புறம் பஸ்தானே சார்!"

கூட்டம் சிரித்தது. அவள் விடவில்லை. "நாளைக்குக் காலைல எங்ககூட வந்து பாருங்க."

அவரும் வந்தார். மதகருகே சேற்றில் ஒரு செருப்பைப் பறிகொடுத்தார். "நீங்க வாத்தியாரோட பேசிக்கினே வாங்க சார், நான் ஓடறேன்" என்று அவள் பறந்துவிட்டாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, அவளை ஏற்றிக்கொண்டு போன பஸ்ஸின் புழுதிதான் மிச்சம். அதிகாரி சிரித்தபடியே என் பென்சிலை வாங்கி, வரைபடத்தில் ஏரிக்கரை நெடுக, நடைவழி என்று புள்ளி புள்ளியாகக் கோடு போட்டார்.

ஆடியில் எங்கள் தெருமுனைக்கே பஸ் வந்தது. அதுவரை ஓடி ஓடியே வேலையைக் காப்பாற்றிக்கொண்டவளை அன்று மட்டும் காணோம். பஸ்ஸே ஹாரன் அடித்துக் கூப்பிட்டது. பாதி பின்னிய சடையோடு வந்து ஏறினாள்.

"இன்னாமா, வூட்டாண்ட வந்தும் லேட்டா?" என்றார் கண்டக்டர்.

"இத்தினி நாளா உனக்காக நான் ஓடியாந்தேன்யா. ஒரு நாளு எனக்காக நீ நில்லு!"