சாமான் லிஃப்டுக்குள் கொரிந்தியர்

பிள்ளைகளே, நான் விட்ட ஒரு பிழையை எழுதுகிறேன்.

எழுபதுகளில் மெல்பேர்ணில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி ஏற்றினேன். என்னோடு ஸ்தாவ்ரோஸ் என்ற கிரேக்கர் வேலை செய்தார். பள்ளியில் பாடமாக்கிய பழங்காலக் கிரேக்க ஊர்ச்சனங்களை ஆண், பெண், பலர் என்று அழைக்கும் பெயர்களைச் சாப்பாட்டு நேரத்தில் தனக்குள் சொல்லிக்கொண்டிருப்பார். "வாத்தியார் தொடங்கிட்டார்" என்று சொல்லி மற்றவர்களைச் சிரிக்க வைப்பேன்.

ஒருநாள் சாமான் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்று, விளக்கும் அணைந்தது. உள்ளே நாங்கள் இருவர் மட்டும். கத்திப் பார்த்தோம், இயந்திரச் சத்தத்தில் எவருக்கும் கேட்கவில்லை. ஸ்தாவ்ரோஸ் மூச்சு முட்டி, நெஞ்சைப் பிடித்தபடி தரையில் இருந்துவிட்டார். செத்துப்போவாரோ என்று பயந்தேன். வேறொன்றும் தோன்றாமல் எங்கள் அரைகுறை இங்கிலீஷில் கேட்டேன்.

"கொரிந்து ஊர் ஆம்பிளையை என்னெண்டு சொல்றது?"

"கொரிந்தியோஸ்."

"பொம்பிளையை?"

"கொரிந்தியா."

"கனபேர் எண்டால்?"

"கொரிந்தியி." மூச்சு வாங்கினார். "நாளைக்குச் சொல்லிச் சிரிக்கத்தானே கேக்கிறாய்?"

"இல்லை. சத்தியமா இல்லை. அடுத்த ஊரைச் சொல்லுங்கோ."

ஊர் ஊராகச் சொல்லச் சொல்ல அவருடைய மூச்சு சீரானது. பிறகு, "உங்கட சனத்துக்கு எப்பிடி?" என்று கேட்டார்.

"தமிழன், தமிழச்சி, தமிழர்."

இருட்டுக்குள் இருந்து சொல்லிப் பழகினார். 'தமிழச்சி' மட்டும் வாயில் நுழையவே இல்லை.

"இப்ப நீ சிரிக்கலாம்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கதவு திறக்கும்வரை அந்தச் சொல்லை அவருக்கு மெதுவாகச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.